பன்னிரண்டு தொப்பியும் ஒரு தலையும்

விற்கிறவனுக்கு, வேண்டாம் என்று சொல்கிறவன் மட்டும்தான் எதிரி; சும்மா கொடுக்கிறவனுக்கு வாங்கிக்கொள்கிறவனும் எதிரி.

கம்பளி நூலில் தொப்பி, மப்ளர், காலுறை என்று பின்னி, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது என் தொழில். சம்பளம் தருகிற தொழில் வேறு. யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் கிட்டிய ஒரு ரயில் கடவையில் இராக் காவல். பொழுதுபடப் போய் விடிந்தபின் வருவேன். நடுவில் ஒரு சாமான் கோச்சி; காலையில் கொழும்பு மெயில். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற நேரத்தை என்ன செய்வது என்பது எவ்வளவு பெரிய பாடு என்று, இராவேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலர் குடிப்பார்கள். சிலர் தேவாரம் பாடுவார்கள். எனக்கு இரண்டும் கனநேரம் ஓடாது. கை சும்மா இருந்தால் மனம் போகக்கூடாத இடமெல்லாம் போய்வரும்.

யாழ்ப்பாணத்து வெயிலில் கம்பளியா என்று சிரிக்காதீர்கள். மார்கழிப் பனிக்குத் தலையை மூடாமல் வெளியே வருகிற ஒரு யாழ்ப்பாணத்தவரைக் காட்டுங்கள், பிறகு சிரிப்போம்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. என் பிள்ளை ஒரு மார்கழியில், எட்டாம் மாதத்தில் பிறந்து, மூன்று நாள் இருந்தது. ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தங்கவில்லை. மனைவியும் அடுத்த வருசம் போய்விட்டாள். அந்தச் சின்னத் தலை மூடாமல் சில்லிட்டுக் கிடந்தது மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் பின்னிய தொப்பி ஒன்று, பட்டணத்து ஆசுபத்திரியில் பிறக்கிற ஏதாவது ஒரு பிள்ளையின் தலையில் ஏற வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அது ஏற என்ன பாடுபட்டது என்பதே இந்தக் கதை.

படத்தைப் பார்த்துப் படித்தது

பின்னல் எனக்கு ஒருவரும் காட்டித் தரவில்லை. மெயில் கோச்சியில் எந்தத் துரைசாணியோ விட்டுப்போன மெல்லிய இங்கிலீசுப் புத்தகம் ஒன்று ஸ்டேஷனில் கேட்பாரற்றுக் கிடந்தது. விளக்குச் சிமினி துடைக்கக் கடதாசி கேட்டபோது ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தூக்கித் தந்தார். நான் சிமினியை வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்துப் பிடிபடவில்லை, படத்தில் இருந்த விரல்கள் பிடிபட்டன. கமுகஞ் சலாகை இரண்டைச் சீவி, போத்தல் ஓட்டால் இழைத்து ஊசியாக்கினேன்.

முதலில் பின்னியது மப்ளர். அதாவது, மப்ளர் என்றுதான் தொடங்கினேன். ஒரு முனை நாலு விரல் அகலம், மறுமுனை ஒரு முழம், நடுவில் இரண்டு ஓட்டை. கைகாட்டி மரத்தைப் பார்க்கிற சின்னத்தம்பி அதை விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணை, மீன் பிடிக்கிற எண்ணமெண்டால் உதைவிட நல்ல வலை குருநகரிலை கிடக்கு."

துலா மிதிக்கிறவர்

கடவைக்கு அடுத்தது புகையிலைத் தோட்டம். அங்கே விடியமுன் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதிக்கிறவர் வேலுப்பிள்ளையர். மேலில் துண்டு இல்லாமல் பனிக்குள்ளே துலாவில் முன்னும் பின்னும் நடப்பார். நடக்கிற ஓசையைவிட இருமுகிற ஓசை பெரிதாகக் கேட்கும். என் மப்ளர் ஒருவழியாக இரண்டு முனையும் ஒரே அகலத்துக்கு வந்த வருசம் அவரிடம்தான் முதலில் கொண்டுபோனேன். மனிதர் கையை நீட்டவில்லை. "ஆர் மோனை செத்தது?" என்று கேட்டார். செத்தவீட்டுக் கிரியைக்குத் தவிர யார் யாருக்குச் சும்மா துணி கொடுக்கிறார்கள்? ஒருவரும் சாகவில்லை என்று சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. வேலியில் கொழுவிவிட்டு ஓடிவந்தேன்.

மூன்றாம் நாள் பார்க்கிறேன், தோட்டத்து மூலையில் கட்டியிருந்த பசுக்கன்றின் கழுத்தில் என் மப்ளர். எனக்குக் கோபம் வந்தது. வேலுப்பிள்ளையர் துலாவில் நின்றபடியே சமாதானம் சொன்னார்: "எனக்குக் குளிர்ந்தால் வாய் திறந்து சொல்லுவன், மோனை. அது வாயில்லாச் சீவன். ஏலுமெண்டால் இன்னுமொண்டு கொண்டுவா, தாய்ப்பசுவும் என்னையே பாக்குது."

அந்தோனிப்பிள்ளையின் காலுறை

குருநகர் அந்தோனிப்பிள்ளை இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு, காலையில் சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர். மெயிலுக்காக நான் கடவையை மூடினால் தினமும் அகப்படுகிற ஆள். ஈரக்காலோடு நடுங்கிக்கொண்டு நிற்பார். அவருக்கென்று ஒரு சோடி காலுறை பின்னினேன். குதிக்கால் திரும்புகிற இடத்தைப் பிடிக்க மட்டும் எனக்கு மூன்று கிழமை சென்றது. அவர் நல்ல மனிதர், மறுக்காமல் வாங்கினார். வெறுங்காலோடு வள்ளத்தில் நிற்கிறவருக்குக் காலுறை கொடுத்தவனை என்ன சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. நீங்களாவது யோசியுங்கள்.

அடுத்த கிழமை அவர் கால் வெறுங்காலாகவே இருந்தது. காலுறை எங்கே என்றேன். மனிதர் கழுத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார். இரண்டும் அதில் தொங்கின. "ஒண்டிலை சுருட்டு, மற்றதிலை நெருப்புப்பெட்டி. வள்ளத்திலை எல்லாருக்கும் சுருட்டு நமுத்துப் போச்சு, எனக்கு மட்டும் பத்துது. மாதா உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டா அண்ணை."

அலுமாரிக்குள் பன்னிரண்டு

கை தேறிவிட்டது என்று எனக்கே தெரிந்த பிறகுதான் தொப்பியைத் தொடங்கினேன். பட்டணத்துக் கடையில் வாங்கிய வெள்ளை நூல். பன்னிரண்டு தொப்பி. ஒரு கார்த்திகைக் காலையில் வேலை முடிந்து, முகம் கழுவி, அவற்றைச் சலவை வேட்டியில் சுற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். பிள்ளைப்பெறு வாட்டுக்குப் பொறுப்பான நேர்ஸ் றோசம்மா ஒவ்வொன்றாகத் தன் விரலில் போட்டுச் சுழற்றிப் பார்த்தா. "நீரே பின்னினது?" என்று மூன்று தரம் கேட்டா. நான் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன்.

எட்டு நாள் கழித்து வாட்டின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகள். ஒன்பது வெறுந்தலைகள். தலையில் போட்ட பழஞ்சீலை பிள்ளை அசைய அசைய விலகிக்கொண்டிருந்தது. றோசம்மா அலுமாரியைத் திறந்து காட்டினா. பன்னிரண்டும் அடுக்கியபடி அப்படியே இருந்தன. "ஒவ்வொருநாளும் காலமை நான் போடுறன், நான் அங்காலை திரும்ப வீட்டுச்சனம் கழட்டுகினம். பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் பிள்ளையின்ரை மேலிலை புதுச்சீலை படப்படாதாம். இது ஊரறிஞ்ச விசயமெல்லே? ஏன், உமக்குப் பிள்ளையள் இல்லையோ?"

நுவரெலியா சுவெற்றர்

அந்தக் கேள்வியோடு வெளியே வந்து நடந்தேன். என் பிள்ளையை என் கிழிந்த வேட்டியில் சுற்றித்தான் கிடத்தியிருந்தார்கள். வறுமை என்று இவ்வளவு காலமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆனால் நடக்க நடக்க இன்னொன்றும் தோன்றியது. புதிதுதானே கூடாது? பழைய நூல் என்றால்?

எங்கள் ஒழுங்கையில் பழைய கம்பளி வைத்திருந்தவர் ஒரே ஒருவர். மலைநாட்டு நுவரெலியாவில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து வந்த சிவக்கொழுந்தர். அவருடைய சாம்பல்நிறச் சுவெற்றர் இருபது வருசத்துச் சாமான். அதைப் போட்டுக்கொண்டுதான் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போவார். வியர்த்து ஒழுகும், கழற்ற மாட்டார். மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்று தரமும் நுவரெலியாவில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைகிற கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை நான் வெளிப்படலையைத் தாண்டமுன் அவருடைய மனைவி பின்னால் ஓடிவந்து சுவெற்றரை என் கையில் திணித்தா: "கொண்டு போம் தம்பி. இவர் அங்காலை இருந்து வந்து பத்து வருசம், இன்னும் கோச்சியாலை இறங்கேல்லை."

எட்டாம் மாதம்

சுவெற்றரைப் பிரித்தேன். நூல் பிடிவாதமாகச் சுருண்டு சுருண்டு கிடந்தது. வெந்நீரில் தோய்த்து, கல் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தினேன். பூச்சி உருண்டை மணம் மட்டும் போகவே இல்லை. மார்கழி மழை பிடித்திருந்தது. முதல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாட்டுக்குள் நுழைந்தபோது றோசம்மா என்னை வாசலிலேயே மறித்தா. முதல்நாள் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, எட்டு மாதம், உடம்புச் சூடு போகாமல் பார்க்க வேணும், தாயின் தமக்கை புதுச்சாமான் ஒன்றையும் கிட்ட விடுகிறா இல்லை என்றா. எட்டு மாதம் என்றதும் எனக்குக் கால் திரும்பிப் போகத்தான் பார்த்தது. கையில் தொப்பி இருந்தபடியால் உள்ளே போனேன்.

தமக்கையின் பெயர் நாகம்மா. பழஞ்சீலைச் சுருட்டுக்குள் பிள்ளையை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு இருந்தா. பக்கத்துக் கட்டில்காரர் எட்டு என்ற சொல்லையே எடுக்காமல் மெல்லக் கதைத்தார்கள்.

"புதிசோ?" என்றா நாகம்மா, நிமிராமலே.

"பழசு அக்கை."

"பாத்தால் புதிசு மாதிரிக் கிடக்கு."

"பின்னல்தான் புதிசு. நூலுக்கு இருபது வயசு. நுவரெலியாப் பனியெல்லாம் கண்டது. வேணுமெண்டால் மணந்து பாருங்கோ."

மணந்தா. முகம் கோணியது. "ஓம், பெட்டிக்குள்ளை கிடந்த மணம்தான்" என்று ஒத்துக்கொண்டு, பிள்ளையின் தலையில் தொப்பியைப் போட்டா. அது நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, நாடியில் போய் நின்றது. வாட்டே சிரித்தது, களைத்துக் கிடந்த தாயும் சிரித்தா. நான் என் முழங்காலை அளவாக வைத்துப் பின்னியிருந்தேன். பிள்ளையின் தலை ஒரு மாதுளங்காய் அளவு.

வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. கட்டிலடியில் நிலத்திலேயே குந்தி, மடியிலிருந்த ஊசியை எடுத்து, தொப்பியைக் குலைத்துத் திரும்பத் தொடங்கினேன். ஆண்பிள்ளை ஒருவன் பிள்ளைப்பெறு வாட்டுக்குள் இருந்து பின்னுவதைப் பார்க்க அடுத்த வாட்டுச் சனமும் வந்துவிட்டது. இரண்டு தரம் கண்ணி விழுந்தது. இரண்டு தரமும் பிடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. நாகம்மா போட்டுப் பார்த்தா, இழுத்துப் பார்த்தா. பிள்ளை தலையைத் திருப்பியது, தொப்பியும் அதோடு திரும்பியது, விலகவில்லை. ஒருவரும் கழற்றவில்லை. நான் நிலத்தில் இருந்தபடியே ஊசியைத் துடைத்து மடியில் செருகினேன். நாகம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தா. "அளவு சரி. நீர் போய்க் கொஞ்சம் படும். கண்ணைப் பாத்தால் உமக்குத்தான் ஒரு நேர்ஸ் வேணும் போலை கிடக்கு."

முப்பத்தோராம் நாள்

மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்து ஆசுபத்திரிக்குப் போவேன். உள்ளே போகமாட்டேன். யன்னலுக்கு வெளியே நின்று சாம்பல்நிறத் தொப்பி தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். மூன்றாம் நாள் அந்த யன்னலுக்குப் போகவே பயந்து, ஆசுபத்திரியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன். தெரிந்தது. நாலாம் நாளும் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. றோசம்மாவும் அன்று லீவு. தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள் என்று கூட்டுகிறவர் சொன்னார். மனம் நம்பவில்லை; பிறகு றோசம்மாவிடம் கேட்கவும் பயந்தேன். நம்பாமலே தை பிறந்தது.

ஒரு காலை மெயிலுக்குக் கடவையை மூடிவிட்டு நிற்கிறேன். பின்னால் ஒற்றைமாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து குதித்தது நாகம்மா. நேரே என்னை நோக்கி வந்தா, கையில் அந்தத் தொப்பி. தொப்பி கையில் வந்தால் தலை எங்கே?

"நேர்ஸிட்டைக் கேட்டு உம்மைத்தான் தேடி வாறன்! என்ன தொப்பி ஐசே பின்னினீர்?" என்று அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று சத்தம் போட்டா. "முந்தநாள் முப்பத்தொண்டு. துடக்குக் கழிச்சு, தலை மழிச்சு, போடப் பாத்தால் ஏறுதில்லை! இழுத்தும் பாத்தாச்சு, பிள்ளை கத்துது!"

வண்டிக்குள்ளிருந்து அந்தக் கத்தல் எனக்கும் கேட்டது. அப்படி ஒரு தொண்டை. மெயில் வந்தது, போனது; அதற்கு மேலாலும் கேட்டது. நான் கடவையைத் திறக்க மறந்து நின்றேன். அந்தோனிப்பிள்ளை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். திறந்துவிட்டு, வேலை முடிய ஆசுபத்திரிக்கு ஓடி, அலுமாரிக்குள் இருந்த பன்னிரண்டில் ஒன்றை எடுத்து அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஏறியது. மற்றப் பதினொன்றும், முப்பத்தொன்று கழிக்கிற பிள்ளைகளுக்கென்று அந்த மாதமே வாட்டிலிருந்து போய்விட்டன. சிவக்கொழுந்தரின் சுவெற்றர் கையிரண்டும் இன்னும் நாலு தொப்பியாயின. வாசலில் வழியனுப்பும்போது நாகம்மா சொன்னா: "அடுத்த மாதமும் வளருவள். இப்பவே ஒண்டு தொடங்கி வையும்."

முதலில் பெரிதாய், பிறகு சிறிதாய், இரண்டு தரமும் அளவு பிழைத்த ஒரு தொப்பியால்தான் நான் இந்தப் பகுதியில் கைதேர்ந்த பின்னல்காரன் என்று பெயரெடுத்தேன்.