ஐந்து மணிச் சங்கு

ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஐந்து மணிச் சங்கு ஊதியதும் நடுரோட்டில் விறைத்து நின்றுவிட்டேன்.

“இன்னாம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?” என்றார் பிரேக் அடித்து நிறுத்திய ஆட்டோக்காரர்.

அப்பா அமெரிக்க ராணுவத்தில் கிளார்க்காக இருந்தார். ஜெர்மனியில் அந்த ராணுவ முகாமுக்குள் இருந்த பள்ளியில்தான் நான் படித்தேன். தினமும் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் எக்காளம் ஊதிக் கொடியை இறக்குவார்கள். அது முடியும்வரை, பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள்கூட நெஞ்சில் கைவைத்து, உறைபனியில் கால் மரத்துப்போக அசையாமல் நிற்க வேண்டும். ஒருநாள் எனக்கு மூக்கு ஒழுகியது, சிந்திவிட்டேன். மறுநாள் அப்பாவை மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார்.

“அவங்க பசங்க இன்னா வேணா பண்ணலாம். நாம மூக்குகூட சிந்தக்கூடாது” என்றார் அப்பா.

அந்தப் பள்ளியை இடித்துவிட்டார்களாம். நல்லது. இந்தக் கால்களுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை. ஆட்டோ போனதும் அங்கேயே நின்று, சத்தமாக மூக்கைச் சிந்தினேன்.