தனி சுவிட்ச்

அந்த லாரி எலெக்ட்ரீஷியனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ‘பட்டாசு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

லாரிக்குப் பின்னால் கூடுதலாக இரண்டு ரிவர்ஸ் லைட் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் தானாக எரிகிற மாதிரி ஒயரைக் கியரோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த டிரைவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கியர் வேண்டாம், தனி சுவிட்ச்தான் வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் கண்ணில் பளிச்சென்று அடித்து மிரட்ட வேண்டுமாம்! நச்சரித்தால் பட்டாசும் போட்டுக் கொடுத்துவிடுவான். வாய்ச்சண்டை மிச்சம்.

ஆறு மாதத்துக்கு முன்பு அப்படி ஒரு வண்டி இருட்டுக் குடோனுக்குள் ரிவர்ஸில் வந்தது. டிரைவர் சுவிட்சைப் போட மறந்துவிட்டான். பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவள் அந்தக் குடோனில் வேலை பார்க்கும் பட்டாசின் சொந்த அக்கா. டயர் ஏறி, வலது காலில் மூன்று விரல்கள் போயின. இப்போதும் நொண்டிக்கொண்டே அதே வேலைக்குப் போகிறாள். இன்றுவரை அவள் டிரைவரைத்தான் கரித்துக் கொட்டுகிறாள். அந்தத் தனி சுவிட்சை மாட்டிக் கொடுத்தது யார் என்று தம்பி வாயே திறக்கவில்லை.

இன்று அதே டிரைவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்து, இன்னும் பவரான லைட் கேட்டான்.

“சுவிட்சைப் பிடுங்கிட்டு கியர்லதான் கொடுப்பேன்” என்றான் பட்டாசு.

“சுவிட்ச் பாட்டுக்கு இருக்கட்டும்ணே.”

“எங்கக்கா கால்ல ஏத்தினது பத்தலையாடா உனக்கு?” ஸ்பேனரைத் தரையில் விட்டெறிந்தான்.

“கத்தாதீங்கண்ணே. மறந்தது நான்தான். மறக்கிற மாதிரி போட்டுக் கொடுத்தது யாரு?”

பட்டாசுக்கு அத்தனை கோபமும் தன் மேலேயே திரும்பியது. சுவிட்சைப் பிய்த்தெடுத்து, ஒயரைக் கியரோடு சேர்த்து முடித்தான். கைகூடக் கழுவாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனான்.

அவள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த வண்டியில தனி சுவிட்ச் மாட்டிக் கொடுத்தது நான்தான்க்கா.”

கத்தி நின்றது. கன்னத்தில் ஒன்று விழும் என்று நினைத்தான். வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றான்.

“இதே மாதிரி இன்னும் எத்தனை வண்டியில போட்டிருக்க?”

“பதினொண்ணு இருக்கும்.”

“எங்க குடோனுக்கு வர்றது?”

“நாலு.”

அக்கா கத்தியைத் தட்டில் வீசினாள். “அப்புறம் இங்க என்னடா என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிக்கிற? போய்ப் பதினொண்ணையும் கழட்டிட்டு வா. என் காலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”