பிஸ்கட் கம்பெனியிடம் சிக்கிய படகு

மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஃப்ரேம் மாட்டிக் காட்டுகிற அந்த அம்மாள், இளம் வயதில் கம்ப்யூட்டர் கேம் எழுதியவர் என்றால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். வெள்ளத்தில் படகு ஓட்டும் கேம். ஒரு சின்னக் கம்பெனியில் சம்பளத்துக்கு எழுதியது. கம்பெனி மூடியதும் கேமும் கடைகளிலிருந்து காணாமல் போனது.

வெகுகாலம் கழித்து நாத்தனார் அதை இணையத்தில் பார்த்தாள். யாரோ ஏற்றியிருந்த அரைகுறைப் பிரதி. கடைசி வளைவில் அப்படியே நின்றுவிடும். எழுதியவரை ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கப்போட்டிருந்தார்கள். அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. முழுசாக ஓடும் பிரதி அவர் பீரோவில் இருந்தது.

“நீங்களே போட்டுடுங்க அண்ணி. கம்பெனியே இல்ல, யாரு கேக்கப் போறாங்க?”

“எழுதினது நான், சம்பளம் குடுத்து எழுத வச்சது அவங்க. கடையைச் சாத்தினா உரிமையும் செத்துடுமா? யார் கைக்காவது போயிருக்கும்.”

விசாரித்தால், கட்டடத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட் கம்பெனி அந்தக் கேம் கம்பெனியை வாங்கியிருந்தது. அம்மாள் படியேறினார்.

“நாங்க மாவு பிசையறவங்கம்மா, எங்ககிட்ட கேம் ஏது?” என்று சிரித்து அனுப்பினார் பிஸ்கட் கம்பெனி வக்கீல். அம்மாள் மறுபடி போனார். நச்சரிப்புத் தாங்காமல் வக்கீல் தங்கள் கம்பெனியின் பழைய மேனேஜரைக் கேட்டார். “மேசை நாற்காலியிலிருந்து எல்லா உரிமையும் சேர்த்துத்தானே வாங்கினோம்” என்றார் அவர்.

வக்கீலின் முகம் மாறிவிட்டது. “எங்க சொத்துன்னா சும்மா தர முடியுமா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்றிருந்தது அம்மாளுக்கு. ஆனாலும் விடவில்லை. முதலாளியம்மாவையே பார்த்து, லேப்டாப்பைத் திறந்து வைத்தார். முதலாளியம்மா படகைக் கவிழ்த்தார். மறுபடி கவிழ்த்தார். பார்க்க வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதை விக்கப் போறீங்களாம்மா?”

“பிஸ்கட் விக்கவே நேரம் பத்தல.”

“பூட்டி வச்சு யாருக்கு லாபம்? உரிமை உங்ககிட்டயே இருக்கட்டும். யாரு வேணா இலவசமா விளையாடலாம்னு ஒரு கையெழுத்து போதும்.”

முதலாளியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வக்கீலிடம் சொன்னார்: “எழுதிக் குடுங்க. முதல்ல இவங்க பேர் வரணும்.”

முழுக் கேமும் இணையத்தில் ஏறியது. அந்தப் பெயரைத் திரையில் கண்டதும் நாத்தனார் சொந்தபந்தம் முழுக்க ஃபோன் போட்டாள். கடைக்கு ஒரே கூட்டம். பாதிப்பேருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

“அந்தக் கேம் எழுதினவங்க யாருங்க?”

“நான்தான்,” என்றார் அம்மாள்.