அக்கா கையில் இருந்த வாட்ச் "நல்லா இருக்கு" என்றபோது

அன்று காலை பதினோரு மணிக்கு என் அக்காவின் கையில் இருந்த ஸ்மார்ட் வாட்ச், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று பச்சை நிறத்தில் காட்டியது. அதே நேரத்தில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவின் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஏதோ சரியில்லை என்று என் மனசுக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

இறைமக்களே, நான் மைக் முன்னால் நிற்கிறவன் இல்லை. திருப்பலி முடிந்ததும் இதைச் சொல்லும்படி எங்கள் பங்குச் சாமியார் கூப்பிட்டார். பீடம் வரைக்கும் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

என் பெயர் அந்தோணி. வயது நாற்பத்தொன்பது. பத்தாவது வரை படித்தேன். திண்டிவனத்தில், விவசாயிகள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை கொண்டுவந்து விற்கும் இடத்தில் எடை போடுகிற வேலை. கமிட்டி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே நாள் முழுக்கச் சத்தம். நான் மட்டும் எடையைச் சொல்லுவேன், அதோடு சரி.

என் அக்கா ஸ்டெல்லா எனக்கு நேர் எதிர். விழுப்புரத்தில் இருக்கிறாள். வயது ஐம்பத்தெட்டு. மாமா இறந்த பிறகு ஒரே மகன் ஜான்சனைத் தனியாக வளர்த்து ஆளாக்கினாள். அவன் இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறான். அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தூரத்தில் இருக்கிறோமே என்ற கவலையில் அவன்தான் அந்த வாட்சை வாங்கி அனுப்பினான்.

அந்த வாட்சால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை நேரத்துக்குக் கையில் அதிரும். அதன் பிறகு அக்கா மாத்திரையை மறந்ததே இல்லை. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக் காட்டும். ஆறாயிரம் ஆகாத நாளில் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். சர்க்கரை நன்றாகக் குறைந்தது. அவளுடைய நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் குவைத்தில் இருக்கும் மகனுடைய போனிலும் தெரியும். "எம்மவன் என் கையைப் புடிச்சிக்கினே இருக்கான்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் காட்டுவாள். அந்தப் பெருமையை யார்தான் குறை சொல்ல முடியும்?

போன வருடம் ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மரக்காணம் ரோட்டில் ஓர் ஊரில் ஜான்சனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். தாய்மாமன் இல்லாமல் போகக் கூடாது என்பதால் அக்கா காலையிலேயே விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். பழம், பூ, வெற்றிலை வைத்த தட்டோடு வந்தாள். என் மனைவி லூர்து துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள், மதியம்தான் வருவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

உள்ளே நுழைந்ததும் அக்கா எதுவும் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டாள். மேல் உதட்டில் வியர்வை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அடங்கவில்லை. முகம் சாம்பல் பூத்தமாதிரி இருந்தது.

"இன்னாக்கா, ஒடம்புக்கு முடியலையா?"

"பல்லு வலி மாதிரி இருக்குது. முதுகுல யாரோ கை வெச்சு அழுத்தறாப்பல. இன்னிக்கு ஒருசந்தி இருக்கேன் இல்லியா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. அதான்."

சர்க்கரைக்காரர்கள் ஒருசந்தி இருக்க வேண்டாம் என்று சாமியார் பலமுறை சொல்லியிருக்கிறார். அக்கா கேட்கமாட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். வியர்வை நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் கையைத் திருப்பி என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். "இத பாரு. நாடி எழுவத்தெட்டு. ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. பச்சையா காட்டுது பாரு. மல்லாட்டை நிறுக்கறவன் டாக்டராயிட்டானா? நல்ல காரியத்துக்குப் போற அன்னிக்குப் பேஜாரு பண்ணாதடா."

ஜான்சனுக்குப் போன் போட்டேன். அவனாவது சொல்லுவான் என்று நினைத்தேன்.

"மாமா, நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். எல்லாம் நார்மல். அம்மாவுக்கு டென்ஷன், அவ்ளோதான். நீங்க பயந்து அம்மாவையும் பயமுறுத்தாதீங்க."

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் தெரிந்தது. மிஷின் சொல்கிறது, மகன் சொல்கிறான், அக்காவே சொல்கிறாள். நான் ஒருத்தன் மட்டும் எதை வைத்து இல்லை என்பது? ஒரு மணி பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஊரைத் தாண்டிவிடுவோம். அதற்கப்புறம் வழியில் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது.

முகம் கழுவ வேண்டும் என்று அக்கா வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அக்காவை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதா படத்துக்கு முன்னால் நின்றேன். முறையாகச் செபம் சொல்ல வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பேச வராது. நான் சொன்னா அவ கேக்கமாட்டா. அவ கேக்கற மாதிரி ஏதாவது காட்டுங்க. இப்பவே காட்டுங்க." இதையேதான் மூன்று நான்கு தடவை சொன்னேன்.

அடுத்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

கமிட்டியில் காலையில் தராசைப் போட்டதும் நாங்கள் செய்கிற முதல் வேலை, காலித் தட்டில் அது என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றுமே வைக்காதபோது இருநூறு கிராம் காட்டினால், அதற்குப் பிறகு அது காட்டுகிற எதையும் எந்த விவசாயியும் நம்பமாட்டான். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை. ஆனால் அந்த வாட்சையும் அப்படிப் பார்க்கலாம் என்பது அந்த நிமிடம்தான் மனசில் விழுந்தது. நான் புத்திசாலி இல்லை. அந்த யோசனை என்னுடையது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பெண் வீட்டுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தேன். வாட்சை அதில் சுற்றி, வாரைக் கடைசி ஓட்டைவரை இழுத்து மாட்டினேன். அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. நாடி பார்க்கும் இடத்தை அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. எண் வராது என்றுதான் நினைத்தேன்.

எழுபத்து நாலு என்று வந்தது.

அக்கா ஈர முகத்தோடு வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். பழத்தைத் தூக்கிக் காட்டினேன். முதலில் சிரித்தாள்.

"இன்னாடா, வாழைப்பழத்துக்கு உசிரு வந்துடுச்சா?"

அப்போது ஜான்சனே திரும்பக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். "மாமா, இப்பகூட அம்மாது வந்துச்சு. எழுவத்தி நாலு. முன்னைக்கு இன்னும் நல்லா இருக்குது."

"அது உங்கம்மா இல்லடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வாழைப்பழம்! நான் வாழைப்பழத்துல கட்டி வெச்சிருக்கேன்! உங்கம்மாவுக்கு வேத்து ஊத்துது. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்!"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"பஸ் ஏறும்போதே வலிடா," என்றாள். "சொன்னா பொண்ணு பாக்கறது தள்ளிப்போயிடும்னு பாத்தேன். பயமா இருக்குதுடா அந்தோணி."

தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தவர்களைத் தாண்டிப் போய், "எங்க அக்காவுக்கு மூச்சு வாங்குது, வழி விடுங்க" என்று சத்தம் போட்டேன். வழி விட்டார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்து, "அட்டாக் வந்துக்கினு இருக்குது" என்றார். மாத்திரைகளைக் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லி, ஆம்புலன்சில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆம்புலன்சில் இருந்த நர்ஸ் பெண்ணுக்குச் சின்ன வயதுதான். "அண்ணே, பேச்சு குடுத்துக்கினே வாங்க. அம்மா பயப்படக் கூடாது" என்றாள். என்னைப் பார்த்துப் பேசச் சொல்கிறாள்! நான் பேசினேன். கமிட்டியில் நடந்தது, லூர்து திட்டுவது, எதையெதையோ பேசினேன். "வாய மூடுடா, காது வலிக்குது" என்று அக்கா முனகினாள். அதற்கப்புறம் செபமாலை தொடங்கினேன். 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்ல, மறு பாதியை அவள் சொன்னாள். அப்படியே பத்துப் பன்னிரண்டு போனது. விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போது நான் முதல் பாதியைச் சொல்லி முடித்தேன். மறு பாதி வரவில்லை.

நர்ஸ் பெண் அக்காவின் கன்னத்தைத் தட்டினாள். ஏதோ ஊசி போட்டாள். "அண்ணே, ஜல்தி!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். நான் அக்காவின் காதருகே குனிந்து மறு பாதியையும் நானே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்போது அவள் உதடு அசைந்தது. கடைசிச் சொல் மட்டும் வந்தது. "ஆமென்."

அன்று மாலையே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கூட்டம் நிற்பதையும் மறந்து வாய்விட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

வாட்ச் எங்களை ஏமாற்றிவிட்டதா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பச்சை விளக்கின் வெளிச்சம் திரும்பி வருவதை வைத்துத்தான் அது எண்ணுகிறது, பழத்தில் கட்டினாலும் ஏதோ ஒரு எண் வந்துவிடும். கையில் கட்டியிருந்தபோது அது எண்ணியது சரியாகக்கூட இருந்திருக்கலாம். அடைப்பு வரும்போதும் நாடி எழுபத்தெட்டு இருக்கலாம். ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அடைப்பு அந்த வாட்சுக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமல் தாடையிலும் முதுகிலும் வலி காட்டும். வியர்வை, களைப்பு என்றுகூட வரும். எண் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் உட்காரக் கூடாது என்றார். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றையாவது ஞாபகம் வையுங்கள்.

ஜான்சன் லீவு போட்டு ஓடி வந்தான். கட்டிலருகே நின்று அழுதான். "நான் நம்பரையே பாத்துக்கினு இருந்துட்டேன் மாமா. அம்மா மூஞ்சியப் பாக்கல" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அன்புதான் அந்த வாட்சாக வந்தது. பெண் வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்கள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது.

அக்கா இன்றும் அந்த வாட்சைக் கட்டுகிறாள். மாத்திரைக்கும் நடைக்கும் அது உதவுகிறது. ஆனால் தினமும் காலையில் எனக்குப் போன் போட்டு எங்கே வலி, எப்படித் தூங்கினேன் என்று வாயால் சொல்கிறாள். நானும் விடாமல் கேட்கிறேன். முன்பெல்லாம் எங்கள் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது அவளே, "போதும்டா, அடுப்புல பால் இருக்குது" என்று வைக்கிறாள்.

இறைமக்களே, ஆண்டவர் அன்று அக்காவின் உயிரைத் தந்தார். அதற்கு முன்னால் எனக்கு ஒரு குரலைத் தந்தார். உங்கள் வீட்டிலும் ஒருவர் "ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம். உங்கள் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று படலாம். சொல்ல வார்த்தை இல்லையென்றால் என்னைப்போல ஆண்டவரிடம் போய் நில்லுங்கள். தப்பும் தவறுமாகக் கேட்டாலும் அவர் கேட்பார். கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். திரும்பி வந்து, உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒருவரின் கையைப் பிடித்து எழுப்பி, உரக்கச் சொல்லுங்கள்: "வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."