ஏலத்தோட்டத்தில் நாங்கள் நடத்திய வழக்கு

என்னோடு சட்டம் படித்த ஒருவனின் தாயை ஒரு திருடி என்று ஊர் நம்பும்படி செய்தேன். அவர் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற இடத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். நான் வேறொரு வார்த்தையைச் சொன்னேன். அந்தத் தாயின் வேலை போயிற்று. அவனுடைய படிப்பும் போயிற்று.

எழுபதுகளின் பிற்பகுதி அது. போடியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் மதுரைக்குச் சட்டம் படிக்கப் போனவர்கள் எங்கள் வகுப்பில் நான்கு பேர். நான் ஏலக்காய் வியாபாரியின் மகன். மலையில் தோட்டமும், ஊருக்குள் காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியும் எங்களுக்கு இருந்தன. இன்னொருவன் போடியில் பேர்பெற்ற வக்கீலின் மகன். மூன்றாமவன் ராவுத்தர் வீட்டுப் பையன், பஜாரில் ஜவுளிக்கடை. நான்காமவன் பக்கத்துக் கிராமமான சிலமலைக்காரன். அவனுக்குத் தகப்பன் இல்லை.

சட்டம் படிக்கிற இடத்தில் நியாயம் பேசுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது யார் எங்கே உட்காருவது என்பதைத்தான். முன் பெஞ்சு வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அவர்கள் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்கிற தூரத்தில் என்னைப்போன்ற காசுக்கார வீட்டுப் பையன்கள். மற்றவர்கள் சுவரோரம். புதிதாக ஒருவனைப் பார்த்தால் "எந்த சீனியர்ட்ட சேரப் போற?" என்று கேட்போம். பதில் இல்லாதவனிடம் அதற்குமேல் பேச மாட்டோம். நோட்ஸ் கேட்டால், எழுதி முடித்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே "இன்னும் எழுதலப்பா" என்போம். நூலகத்தில் ஒரு பிரதி மட்டுமே இருக்கும் புத்தகத்தை வேறு அலமாரியில் செருகிவிட்டு, பரீட்சை வரைக்கும் எடுத்து எடுத்துப் படிப்போம். ஒருவன் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைத் தப்பாக உச்சரித்தால் மூன்று வருஷமும் அதுதான் அவன் பெயர். மாலையில் டீக்கடையில் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்போம். எவன் எப்போது சறுக்குவான் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

சிலமலைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் "மை லார்டு". வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துச் சொல்வான். அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவன் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது சிரிப்பாக இல்லை.

இரண்டாம் வருஷம் மூட் கோர்ட் வைத்தார்கள். கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து மாணவர்களை வாதாட வைக்கும் மாதிரி நீதிமன்றம். நானும் அவனும் எதிரெதிர்க் கட்சி. என் வாதத்தை வக்கீல் மகன் தன் அப்பாவின் ஜூனியரிடம் சொல்லி எழுதி வாங்கித் தந்திருந்தான். நான் மனப்பாடம் செய்து முழங்கினேன். நீதிபதியாக உட்கார்ந்திருந்த மதுரை சீனியர் ஒருவர் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதே கேள்வியை அவனிடம் கேட்டார். அவன் வழக்கம்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அந்தத் தம்பி பேசுறதக் கவனிங்க. புரிஞ்சு பேசுறாரு" என்றார் சீனியர். முன் பெஞ்சு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என் வாதத்தை எழுதி வாங்கித் தந்தவனும் சிரித்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிலமலைக்காரன்மேல் வந்தது.

அவனைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவன் தாய் எங்கள் கிட்டங்கியில்தான் வேலை பார்த்தார். சிலமலையிலிருந்து காலை பஸ்சில் வந்து, பெண்களோடு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் காயைப் பரப்பி, பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று பிரிப்பார். சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தியும் சேலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். லீவில் கிட்டங்கிக்குப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்களுக்குள் மரியாதை என்று ஏதாவது இருந்தது என்றால் அது மட்டும்தான்.

அந்தத் தீபாவளி லீவில் எங்கள் தோட்டத்துக்குப் போகலாம் என்று நானே கூப்பிட்டேன். அவனையும் கூப்பிட்டேன். அதுவரை யாரும் அவனை எங்கும் கூப்பிட்டதில்லை. தாய் சுட்டுக் கொடுத்த முறுக்கை ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து ஜீப்பு ஏறினான். போடிமெட்டு வளைவுகள் முடிவதற்குள் அதை நாங்கள் தின்று தீர்த்துவிட்டோம்.

மத்தியானம் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். தூறலும் மூட்டமுமாக இருந்ததால் தோட்டத்துக்குள் இறங்க முடியவில்லை. வக்கீல் மகன்தான் ஆரம்பித்தான்.

"மாப்ளே, சும்மா ஒக்காந்து என்ன செய்ய? கோர்ட்டு வைப்பமா?"

"நான் எதிரிக்கு வக்கீலா இருக்கேன்" என்றான் சிலமலைக்காரன், ஆசையாக.

"அதெல்லாம் குச்சி போட்டுத்தான்" என்றேன். தீக்குச்சிகளை ஒடித்துக் கையில் பிடித்து நீட்டினேன். குட்டைக் குச்சியை எடுப்பவன் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். எந்தக் குச்சி யாருக்குப் போகும் என்பது பிடிக்கிற கைக்குத் தெரியும். அவனுக்குக் குட்டைக் குச்சி வந்தது. வக்கீல் மகன் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து நீதிபதியானான். ராவுத்தர் வீட்டுப் பையன் எதிரியின் வக்கீல். நான் அரசுத் தரப்பு. குற்றம், ஏலக்காய் திருடியது. வேலையாட்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவர்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே நடத்தினோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் ஸ்டோர் கதவில் சாய்ந்து நின்றார்.

"ஒங்க வீட்ல ஏலக்கா உண்டா?" என்று ஆரம்பித்தேன்.

"உண்டு. பாயசத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"எந்தக் கடையில வாங்குன?"

"வாங்கல."

"வாங்கலயா? அப்ப சிலமலைக் காட்ல ஏலச்செடி காய்க்குதோ?"

மறுபடி சிரிப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

"ஒங்க ஆத்தா என்ன சோலி பாக்குது?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கேட்கிற பார்வை. எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

"எதிரி பதில் சொல்லணும்!" என்று கூடையைத் தட்டினான் வக்கீல் மகன்.

"கிட்டங்கியில காய் பொறுக்குது."

"யாரு கிட்டங்கியில?"

"ஒங்க கிட்டங்கியிலதான்."

வக்கீல் மகன் விசிலடித்தான். "அப்படிப் போடு! மை லார்டோட ஆத்தா மாப்ள கடையிலயா?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலைய உதறுனா காய் விழுமா, விழாதா?"

"அது மடிப்புல ஒட்டிக்கிட்டு எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு... சின்னப் பிள்ளையில நான் பொறுக்கித் திம்பேன்..."

"கதையெல்லாம் வேணாம். ஆமா, இல்லைன்னு சொல்லு."

"இல்ல, அது வந்து..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

ராவுத்தர் வீட்டுப் பையன் எழுந்து, "போதும்டா, விடுங்க" என்றான். அவனை உட்காரச் சொன்னார்கள். காய்க் கூடையைத் தலையில் வைத்துக் களத்தைச் சுற்றி வரவேண்டும் என்று தீர்ப்பு. சிலமலைக்காரன் சுற்றி வந்தான். விளையாட்டைக் கெடுத்தவன் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சுற்றினான். கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது சிலமலைக்காரன் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்த வாரமே கணக்கப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த என்னை அப்பா கூப்பிட்டார்.

"அந்தச் சிலமலைப் பய, அவுக ஆத்தா நம்ம காயக் கொண்டாருதுன்னு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னானாமே?"

"அது வந்துப்பா..."

"வளவளன்னு பேசாத. சொன்னானா, இல்லையா?"

"சொன்னான்" என்றேன்.

பொய் இல்லை. ஆமா என்ற வார்த்தையை அவன் சொன்னது உண்மை. மிரட்டி வாங்கிய பதில் வாக்குமூலம் ஆகாது என்பதை அந்த வருஷம் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். அப்பாவிடம் ஒரு வரி சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போடும் வரைக்கும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் அவனுடைய தாயை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கை சுத்தமில்லை என்ற பேச்சு மற்ற கிட்டங்கிகளுக்கும் போய்விட்டது. போடியில் யாரும் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை.

லீவு முடிந்து மதுரைக்குக் கிளம்பும் காலையில் அவன் ரயில்வே ஸ்டேஷனில் எனக்காக நின்றிருந்தான். கையில் பெட்டி இல்லை. அதுவரை என்னை நீ என்றுதான் பேசுவான்.

"ஒங்க அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது வெளையாட்டுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பாக்குறேன்" என்றேன்.

"ஆத்தா ரெண்டு நாளாச் சாப்பிடல. சொல்லிருவீங்கல்ல?"

"பாக்குறேன்னு சொன்னேன்ல?"

ரயில் நகர்ந்தபோது அவன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். வக்கீல் மகன் ஜன்னல் வழியாக "வர்றேன் மை லார்டு!" என்று கத்தினான். பெட்டியில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அதன்பின் அவன் வகுப்புக்கு வரவில்லை. அவன் உட்கார்ந்த சுவரோர இடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்தான்.

எண்பதுகளில் நானும் வக்கீல் மகனும் போடி கோர்ட்டில் தொழில் செய்தோம். சிலமலைக்காரனும் அங்கே வந்து சேர்ந்தான், வேறொரு வக்கீலுக்குக் குமாஸ்தாவாக. கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு வராந்தாவில் நிற்பான். என்னிடம் "சார்" என்பான். எதிர்க் கட்சியின் மனு வந்தால் என் மேஜைக்கு வந்து, "நகல் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்பான். போடுவேன். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்குள் பேச்சு. நான் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் அவன் வாசலில் நிற்பான்.

அப்பா காலமான பிறகு கிட்டங்கி என் கைக்கு வந்தது. ஒரு சாயங்காலம் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்கும்போது நான் போய் நின்று பேசினேன். முன்னே இங்கே வேலை பார்த்த சிலமலை அம்மா திருடவில்லை, தப்பு என்னுடையது, இனிமேல் யாரும் சேலையை உதறிக் காட்ட வேண்டாம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண், "பஸ்சு போயிரும், நாங்க போகலாமா?" என்றாள். உதறும் வழக்கம் அன்றோடு நின்றது. அது எனக்குச் சுலபமான வேலை. அங்கே நான் முதலாளி. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை.

அடுத்து சிலமலைக்குப் போனேன். அவனுடைய தாய் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று நடந்ததைச் சொன்னேன். நிமிராமல் கேட்டார்.

"ரெண்டு காய் விழுந்துச்சுன்னு அவன் சொன்னது நெசந்தேன். என்னய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். யாரு கேட்டீக?"

மறுபடியும் கிட்டங்கிக்கு வாருங்கள் என்றேன். வேறு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"எம்மகன் கருப்புக் கோட்டுப் போட்டு நிக்கிறதப் பாக்கணும்னு கெடந்தேன். அதக் கொண்டா, வாங்கிக்கிறேன். கொண்டார முடியுமா? முடியாதுல்ல? வெரசாப் போ. வெயிலு ஏறுது, எனக்குச் சோலி கெடக்கு."

அதன்பிறகும் எனக்கு ஓர் இடம் பாக்கி இருந்தது. வக்கீல்கள் உட்காரும் அறை. அங்கே சொல்வதற்கு இன்னொரு வருஷம் ஆனது. அவன் வாசலில் கட்டுகளோடு நின்றிருந்த ஒரு நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேட்க எழுந்து நின்று சொன்னேன். குச்சியைப் பிடித்த விதம், கேட்ட கேள்வி, அப்பாவுக்குச் சொன்ன பதில், ஸ்டேஷனில் அவன் கேட்டதும் நான் செய்யாததும். வக்கீல் மகன் டிபன் பாக்ஸை மூடியபடி சிரித்தான்.

"என்ன மாப்ளே நீ? காலேஜ்ல அதெல்லாம் வெளையாட்டு. இத்தன வருஷம் கழிச்சு அதுக்குப் போய் அழுவியா? ஒக்காரு, சாப்பிடு."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் ஊறுகாய் கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். அவன் போயிருந்தான்.

வெளியே வந்து வராந்தாவின் கோடியில் அவனைப் பிடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் நின்றான்.

"வெளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித்தான் அன்னைக்கு ஸ்டேஷன்ல நின்னேன். நீங்க சொல்லல. இன்னைக்கு அவுக எல்லாரும் சொல்றாக."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கட்டிலிருந்து ஒரு மனுவை உருவி என்னிடம் நீட்டினான்.

"நகல் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

வராந்தாத் தூணில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதை வாங்கி, மை காயும் வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான். நான் தொழிலை விட்டு வீட்டில் உட்காரும் வரை அந்த வாக்கியத்தைத் தவிர வேறொன்றும் அவன் என்னிடம் பேசவில்லை.