மெரிடாவில் நான் வேண்டாம் என்ற ரொட்டி

மாயர் வீட்டுச் சாப்பாட்டை நான் முகம் சுளித்து ஒதுக்கியதாக, என் மருமகள் மத்தியானமே நம் சொந்தக்காரர்களின் இந்த இ-மெயில் குழுவில் எழுதிவிட்டாள். பொய். நான் பட்டினி கிடந்தேன்.

மெக்சிகோவில் மெரிடா என்று ஓர் ஊர். அந்த மண்ணின் பழங்குடிகளான மாயர்களின் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே ஸ்பானியர்கள் கட்டிய தேவாலயத்தை இன்று பார்த்தோம். கான்வென்டில் படித்தவள்தான், ஆனாலும் முட்டி போடத் தோன்றவில்லை.

சுற்றிக் காட்டிய மாயர் இனப் பெண் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், ஆவி பறக்கும் மக்காச்சோள ரொட்டியை நீட்டினாள்.

“வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டோமுங்க” என்றேன். கோயமுத்தூரில் யார்தான் முதல் தடவையே வாங்குவார்கள்?

என் மகன் அதை அப்படியே ஸ்பானிஷில் சொன்னான். அவள் முகம் வாடித் தட்டை மருமகளிடம் கொண்டுபோய்விட்டாள்.

“ஏன்டா, கொண்டுபோயிட்டாளே!”

“நீங்கதானுங்கம்மா வேண்டாம்னீங்க?”

“ஒருக்காதான்டா சொன்னேன்!”

என் பங்கையும் சேர்த்து மருமகள் தின்றாள்.

எனக்கு ரொட்டி பிடிக்கவில்லை என்று நினைத்து, அந்தப் பெண் நாளைக்கு வேறு ஏதோ சமைக்கிறாளாம். வேண்டுமா என்று கேட்டவுடனே கை நீட்டினால் நம் ஊர் மானம் போய்விடுமா?

நாளைச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் போடுங்கள். மருமகளுக்கு வேண்டாம், எனக்கு மட்டும்.