கோதண்டராமனின் பின்விளக்கு

படாளம் கூட்ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். மலிவு விளக்கும் எரிகிறது, விலை விளக்கும் எரிகிறது, எரிவதற்கு மேல் விளக்குக்கு என்ன வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். விற்பது மலிவு விளக்கு, வேறு எப்படிப் பேசுவதாம்? என் பேச்சை முழுசாக நம்பியவர் கோதண்டராமன் அண்ணன் ஒருவர்தான்.

அவர் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர். ஏரி ஏமாற்றிய வருஷங்களில் கரும்பை விட்டுவிட்டு, மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்குத் தோட்ட வேலைக்குப் போனார். காலையில் சைக்கிளை என் கடையில் விட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறுவார். திரும்புவதற்குள் இருட்டிவிடும். ஊருக்குப் பிரிகிற சாலை வரும்வரை ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாகத்தான் மிதித்தாக வேண்டும். பைக் வாங்கச் சொன்னால், செடிக்குத் தண்ணி விடுகிறவனுக்கு என்ன அவசரம் என்பார். சரியான பிடிவாதக்காரர். கோபம் வந்தால் சோற்றை விட்டு எழுந்துவிடுவார். பூங்கொடி அண்ணி மோராவது குடி என்றால் மறுபடி உட்கார்ந்து முழுச் சோறும் தின்பார்.

என்னிடம் வாங்கிய சிவப்பு விளக்கு முதல் வாரம் ஜோராக எரியும். ஒரு மழை நனைந்தால் போதும், தட்டினால்தான் எரியும், பள்ளத்தில் இறங்கினால் அணைந்துவிடும். அவர் ஒரு கையைப் பின்னால் விட்டுத் தட்டிக்கொண்டே ஓட்டுவார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ரோகிணி, ஊருக்கு வந்த ஒரு சாயங்காலம், பஸ் முன்கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்திருக்கிறாள். பஸ் அவரை உரசுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் அங்கே ஒரு ஆள் இருப்பதே தெரிந்ததாம்.

அடுத்த வாரமே அவள் வரவழைத்த ஒரு விளக்கு பார்சலில் வந்தது. விலையைக் கேட்டதும் அண்ணன் குதித்தார். நானும் சும்மா இருக்காமல், இந்த டப்புக்கு ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம் என்று ஏற்றிவிட்டேன். லீவுக்கு வந்திருந்த ரோகிணி வாதாடவில்லை. பொழுது சாய்ந்ததும் எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் என் விளக்கையும் அவள் விளக்கையும் அருகருகே எரியவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னாள். மதகைத் தாண்டியதும் என்னுடையது காணாமல் போயிற்று. அவளுடையது கரை வளைகிற இடம்வரை கண்ணைக் குத்தியது.

"சதாசிவம், உன்னுது மின்மினிடா" என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் அந்த விளக்கை நானே சீட்டுக்குக் கீழே இறுக்கிப் பூட்டினேன். அதன் பிறகு அண்ணி வாசலில் வந்து நின்று ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் மம்பட்டி முதல் மிக்ஸி வரை எதுவும் பொட்டுக்குத் தப்பாது. வீட்டிலேயே விலை உசந்த பொருளுக்குப் பெரிய பொட்டாக இருக்கட்டும் என்று, கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை விளக்கின் முகம் நிறைய அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள் அண்ணி. பூஜையில் வைத்த பொட்டைக் கையால் அழிப்பது பாவம், தானாகத்தான் உதிர வேண்டும். அது விளக்கு என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஊர்ச்சாலைக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால், பின்னாலிருந்து வந்த ஒரு மினி லாரி அவரைத் தூக்கி அடித்தது. டிரைவர் ஓடவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து, லைட்டே இல்லை, சத்தியமாக இல்லை என்று அழுதுகொண்டிருந்தான். பொய் சொல்கிறான் என்று அவன் சட்டையைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அண்ணன் போய்விட்டார்.

போலீஸ் வேலையெல்லாம் முடிந்து சைக்கிளை எடுத்துப் போகச் சொன்னபோது, மகன் பிரவின்குமாருக்கு அதைப் பார்க்கும் தைரியம் இல்லை. நான் போனேன். பின்சக்கரம் அப்பளமாக மடங்கிக் கிடந்தது. விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தனம் சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்து அதன் மேல் ஒட்டியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். பொட்டைச் சுற்றி ஒரு நூல் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது, அவ்வளவுதான். இது அண்ணிக்குத் தெரிந்தால் பிழைக்க மாட்டாள். நகத்தால் சுரண்டி, சட்டை நுனியால் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் சைக்கிளை வண்டியில் ஏற்றினேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, பிரவின்குமார் வேலைக்குக் கிளம்பி பைக்கை வெளியே தள்ளினான். நானும் அங்கே இருந்தேன். அண்ணி அவனை நிறுத்தினாள். தான் தொடக்கூடாது என்று, ரோகிணியைச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னாள்.

"பின்னால லைட்டு மேல வை. நல்லா பெருசா வை" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன் பொட்ட அழிச்சிட்டாரு தம்பி. சைக்கிளு வூட்டுக்கு வந்தப்பவே பார்த்தேன், பளிச்சின்னு கீது. சாமிக்கு வெச்சத தொடச்சா சாமி வுடுமா?"

செத்த மனுஷன் மேல் இத்தனை நாளும் அவள் கோபமாக இருந்திருக்கிறாள். ரோகிணியின் விரல் விளக்கை நெருங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்காதம்மா" என்றேன். அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணன் அழிக்கல அண்ணி. ஸ்டேஷன்ல நான்தான் தொடச்சேன்."

அண்ணி, மகள் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள்.

"அது வரிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சி."

ரோகிணி விரலைத் தன் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து, சந்தனம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கெளம்பு நைனா" என்றாள் அண்ணி மகனிடம். "லைட்ட போட்டுகினு போ."

பட்டப்பகல். அவன் போட்டுக்கொண்டு போனான்.